அரை நிமிட ஆட்டம், பல மாதக் கதை: கை மல்யுத்தம் ஏன் நம்மை உலுக்குகிறது?

நடுவர் 'ரெடி, கோ' என்கிறார். ஒரு கை பட்டென்று பக்கத்து மெத்தையில் சாய்கிறது. சுற்று முடிந்தது. கை மல்யுத்தத்தில் பெரும்பாலான சுற்றுகளின் ஆயுள் சில விநாடிகள்தான். நல்ல இழுபறி என்றால் ஒரு நிமிடம் நிற்கும், அபூர்வமாக அதையும் தாண்டும். ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டம் என்றால் கதை தானாக முளைத்துக் கிளைவிட்டுவிடும். இங்கே அதற்கு நேரம் ஏது? ஆனாலும் இந்தச் சில விநாடிகளுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தோற்றவருக்காகக் கண் கலங்குகிறார்கள். ஒருவரின் மணிக்கட்டு எந்த இடத்தில் பின்னால் வளைந்தது என்று வாரக்கணக்கில் வாதாடுகிறார்கள்.

கொழும்பிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஜிம்களில், புறக்கோட்டைக் கடைகளில் ஷட்டர் இறங்கிய பிறகு, ஒரு போனைச் சுற்றி நாலைந்து தலைகள். பெரிய போட்டிகள் இஸ்தான்புல்லிலோ துபாயிலோ நடக்கின்றன. இஸ்தான்புல் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. அங்கே இரவு பத்து மணிக்குக் கடைசி ஆட்டம் என்றால் இங்கே பன்னிரண்டரை. விடிய எழும்பி மூட்டை ஏற்றப் போக வேண்டிய நாட்டாமி அண்ணன்மாரும் தூங்காமல் பார்க்கிறார்கள். பாடசாலை மேசையில் முழங்கையை ஊன்றி யாருடைய கையையாவது மடக்கிப் பார்க்காத ஆள் நம்மில் குறைவு. அதனால் விளையாட்டை விளங்கப்படுத்தத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் இதில் விளங்கப்படுத்த நிறையவே இருக்கிறது. கை மல்யுத்தம் முழுக்க முழுக்கக் கதையின் பலத்தில் நிற்கும் விளையாட்டு என்பது என் கட்சி. கதை தெரியாதவருக்கு மேசையில் தெரிவது அசையாமல் நிற்கும் இரண்டு கைகள் மட்டுமே.

அந்தக் கைகளுக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். முறையான போட்டி மேசையில் ஆளுக்கொரு முழங்கை மெத்தை, பக்கத்தில் கை விழ வேண்டிய மெத்தை, மற்றக் கையால் பிடித்துக்கொள்ள ஒரு முளை. நின்றபடிதான் இழுப்பார்கள். 'டொப் ரோல்' போடுகிறவர் எதிராளியின் விரல்களுக்கு மேலாக ஏறி, அவருடைய மணிக்கட்டைப் பின்பக்கமாகத் திறக்கப் பார்ப்பார். மணிக்கட்டு திறந்துவிட்டால் பின்னால் எவ்வளவு புஜபலம் இருந்தும் அது மேசைக்கு வந்து சேராது. 'ஹூக்' என்பது இருவருமே மணிக்கட்டை உள்ளே மடக்கி, கைக்குள் கை பூட்டிக்கொண்டு நெஞ்சோடு நெஞ்சாக மோதுவது. 'பிரஸ்' என்றால் தோளைக் கைக்குப் பின்னால் கொண்டுவந்து உடம்பின் பாரத்தையே அதன் மேல் இறக்குவது. பிடி நழுவினால் நடுவர் இரண்டு கைகளையும் ஒரு பட்டியால் சேர்த்துக் கட்டிவிடுவார். பட்டி கட்டியபின் ஆட்டமே வேறு. தனக்குப் பட்டிதான் சாதகம் என்று தெரிந்தவர் வேண்டுமென்றே பிடியை நழுவவிடுவதும் உண்டு. முழங்கை மெத்தையை விட்டுக் கிளம்பினால் தவறு; இரண்டு தவறு சேர்ந்தால் அந்தச் சுற்றே போய்விடும்.

இவ்வளவும் விரல் நுனியிலும் மணிக்கட்டிலும் ஓர் அங்குலத்துக்குள் நடக்கின்றன. குத்துச்சண்டையில் அடி விழுவது எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுத் தொலைக்காட்சிகளில் ஒரு தலைமுறையே பார்த்து வளர்ந்த WWE-யில் வலியை மிகைப்படுத்தி, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி நடித்துக் காட்டுவார்கள். கை மல்யுத்தத்தில் வலி உள்ளே போய்விடுகிறது. அதை வெளியே கொண்டுவர ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெட்டலூமா என்ற சிறிய ஊர். அங்குள்ள ஒரு மதுக்கடையில் 1950களில் நடந்துகொண்டிருந்த பலப்பரீட்சையை ஊர்ப் போட்டியாக வளர்த்து, 1962இல் உலகப் போட்டி என்ற பெயரில் நடத்தியவர் பில் சோபரேனஸ். அவர் பயில்வான் இல்லை, உள்ளூர்ப் பத்திரிகையில் பத்தி எழுதியவர். வாசகருக்கு ஆட்களை அறிமுகப்படுத்துவதுதான் அவருடைய தொழில். 1968இல் பீனட்ஸ் சித்திரக் கதையின் ஸ்னூப்பி நாய்கூடப் பெட்டலூமாவுக்குப் புறப்பட்டுப் போய், கட்டைவிரல் இல்லை என்ற காரணத்தால் தகுதியிழந்தது! அதன் பின் அமெரிக்கத் தொலைக்காட்சியும் வந்தது. ஒரு மதுக்கடைப் பந்தயம் உலகறிந்த விளையாட்டானதற்கு எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தது பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் சினிமா. 1987இல் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்த 'ஓவர் த டொப்' படம் வெளிவந்தது. மகனை விட்டுப் பிரிந்திருந்த ஒரு லொறிச் சாரதி, அவனுடைய மனதை வெல்லவும் ஒரு புது வாழ்க்கை தொடங்கவும் கை மல்யுத்தப் போட்டிக்குப் போகிறார். தகப்பனின் தோளுக்குப் பின்னால் மகன் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் படத்தின் உயிர். விமர்சகர்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டுக்குள் வந்த எத்தனையோ பேருக்கு வாசலைத் திறந்துவிட்டது அந்தப் படம்தான்.

இந்தத் தகப்பன் மகன் கதை நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் எண்பதாவது பாட்டில் சாத்தந்தையார் ஒரு மற்போரைக் காட்டுகிறார். சோழ இளவரசன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூருக்குப் போய் அங்குள்ள மல்லனோடு பொருதுகிறான். ஒரு காலை அவன் மார்பில் ஊன்றி, மறுகாலால் அவனுடைய பிடியைத் தடுத்து, பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல் வளைத்து வீழ்த்துகிறான். புலவருடைய ஏக்கம் ஒன்றுதான்: தித்தன் இதைப் பார்க்க வேண்டும்; மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, பார்க்க வேண்டும். தித்தன் அந்த இளவரசனோடு பகைத்திருந்த தகப்பன் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். வெற்றி கையில் இருக்கிறது, ஆனால் யார் பார்க்க வேண்டுமோ அவர் அங்கே இல்லை. பாட்டில் மற்போரை விட இதுதான் வலிக்கிறது. ஹொலிவூட்டில் மகன் பார்க்க வேண்டும் என்று தகப்பன் ஏங்குகிறான். இங்கே தகப்பன் பார்க்க வேண்டும் என்று புலவர் ஏங்குகிறார்.

அதே இளவரசனைப் பற்றி நக்கண்ணையார் பாடிய எண்பத்தைந்தாவது பாட்டு இன்னும் நெருக்கமானது. இது அவனுடைய ஊரும் இல்லை, அவனுடைய நாடும் இல்லை. அதனால் கூட்டம் இரண்டுபடுகிறது. அவனுக்கே வெற்றி என்கிறது ஒரு பக்கம், இல்லை என்கிறது மறுபக்கம். அவன்மேல் காதல்கொண்ட பெண் சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, வீட்டுப் பனையில் சாய்ந்து நின்று அவன் வெல்வதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிடுகிறாள். ஒரே ஆட்டம், மூன்று விதமான பார்வையாளர்கள். நள்ளிரவில் போனைச் சுற்றி நிற்கும் கூட்டத்திலும் இந்த மூவரையும் பார்க்கலாம்: கட்சி கட்டுகிறவர், எதிர்க்கட்சி, யாரிடமும் சொல்லாமல் ஒருவருக்காக மட்டும் நெஞ்சு துடிக்கிறவர்.

சரி, இன்றைய நாயகர்கள் யார்? முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்கரான ஜோன் பிரசெங்க். 1964இல் பிறந்தவர். டெல்டா விமான நிறுவனத்தில் மெக்கானிக் வேலை. 'ஓவர் த டொப்' படத்துக்காக 1986இல் லாஸ் வேகாஸில் உண்மையிலேயே நடத்தப்பட்ட போட்டியில் லொறிச் சாரதிகளின் பிரிவை வென்றவர் அவர். பரிசும் ஒரு லொறிதான். படத்தில் ஸ்டாலோன் செய்ததை நிஜத்தில் செய்த மனிதர் என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. தன்னைவிட எவ்வளவோ பாரமான ஆட்களைப் பல ஆண்டுகள் வென்றுகொண்டே இருந்தார். சத்தம் போட மாட்டார், முகத்தில் கோபம் காட்ட மாட்டார். விமானத்தின் கீழ் எண்ணெய்க் கையோடு நிற்கிற ஒருவர் வார இறுதியில் உலகத்திலேயே பலமான கைக்குச் சொந்தக்காரர் ஆகிறார். உழைத்துத் தின்கிற எவருக்கும் இந்தக் கதை பிடிக்காமல் போகுமா? புறக்கோட்டையில் அரிசி மூட்டை சுமக்கிற ஒருவருக்கு ஒரு கிரிக்கெட் நட்சத்திரத்தின் வாழ்க்கை எட்டாத உயரம். பிரசெங்கின் வாழ்க்கை எட்டுகிற உயரத்தில் இருக்கிறது.

2008இல் பிரசெங்கை வீழ்த்தியவர் கனடாக்காரர் டெவன் லராட். நீண்ட கைகள், தாடி, கனடா இராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்தவர் என்ற பின்னணி. பிரசெங்க் பேசாமல் சம்பாதித்ததை லராட் பேசிப் பேசிச் சம்பாதித்தார். யூடியூபில் தன் பயிற்சியை, பயத்தை, கணக்குகளை எல்லாம் வெளிப்படையாகப் போட்டுக்கொண்டே இருப்பார். எதிராளியைச் சீண்டுவார், அடுத்த நிமிடமே அவருடைய பலத்தைப் புகழ்வார்.

லராட்டின் புகழ் உச்சம் தொட்டது எப்போது? என்னைக் கேட்டால், அவர் மிக மோசமாகத் தோற்றபோது. 2022இல் துபாயில் ஜோர்ஜியாவின் லெவான் சகினாஷ்விலியை எதிர்கொண்டார். லெவானின் முன்கையைப் பார்த்தாலே சாதாரண மனிதர் ஒதுங்கிப் போவார். அன்று லராட் ஒரு சுற்றைக்கூட வெல்லவில்லை. சுற்றுக்குச் சுற்று மேசைக்குத் திரும்பி வந்து, வேறு கோணத்தில் பிடித்து, வேறு விதமாக முயன்று, மறுபடி தோற்றார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு லெவானின் பலம் வியப்பாக இருந்தது. மனதில் தங்கியவர் லராட். 2024இல் இஸ்தான்புல்லில் இருவரும் மறுபடி மோதினார்கள். அப்போதும் லெவானே வென்றார். இருந்தும் அந்த ஆட்டத்துக்கு இருந்த எதிர்பார்ப்பு முதல் தோல்வியால் குறையவில்லை, கூடியது. தோற்ற இடத்துக்குத் திரும்பி வருகிற ஆளுக்காக நம் மனம் எப்போதும் ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறது.

வில்லன் இல்லாமல் கதை ஏது? இங்கே வில்லன் பிறக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அமெரிக்கரான மைக்கல் டொட் 'கிங்ஸ் மூவ்' என்ற தற்காப்புக்குப் பேர்போனவர். தோற்கும் நிலை வந்தால் கையை நீட்டிவிட்டு, உடம்பை மேசைக்குக் கீழே தொங்கவிட்டு, எதிராளி களைக்கும்வரை காத்திருப்பார். பார்க்க அழகாக இருக்காது. 'இது இழுக்கிறதா, தொங்குறதா?' என்று எரிச்சல்படுகிறவர்கள் பலர். விதிக்குள் நின்று தாங்குகிறவரை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு மனிதருக்கு யாரும் வில்லன் வேடம் எழுதிக் கொடுக்கவில்லை. அவருடைய முழங்கை எப்படி வளைகிறது என்பதிலிருந்தே அந்தப் பாத்திரம் உருவாகிவிட்டது. எழுதி வைத்து ஆடும் மல்யுத்தத்தில் இப்படி ஒன்று கிடைக்காது.

இந்தக் கதைகளை இன்று ஒன்றுசேர்க்கிறவர்களில் முக்கியமானவர் துருக்கியின் எங்கின் டெர்சி. தானும் ஒரு வீரர். 'ஈஸ்ட் வெர்சஸ் வெஸ்ட்' என்ற போட்டித் தொடரை நடத்துகிறார். ஆட்டத்துக்கு முந்தைய வாரங்களில் இரு வீரர்களையும் நேரலையில் உட்காரவைத்து மணிக்கணக்காகப் பேச விடுவார். பழைய காயம், பயிற்சியில் தூக்கிய எடை, முன்னர் தோற்ற ஆட்டம், எல்லாம் அங்கே வந்துவிடும். நம் நாட்டுக்கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வரும்போது தன்னை அறிவிக்கும் வரவுப்பாட்டு உண்டல்லவா, அந்த வேலையை இந்த உரையாடல்கள் செய்கின்றன. மேசையில் கை பூட்டும் நேரத்துக்குள் பார்வையாளருக்கு இருவரையும் தெரிந்திருக்கும். அதனால்தான் மூன்று விநாடியில் முடிந்த சுற்றுக்கும் அழ முடிகிறது.

இனி அந்த உணர்ச்சிக்கு வருவோம். சோக நாடகம் பரிவையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றின் வழியே மனதைத் தெளியவைக்கிறது என்றார் அரிஸ்டோட்டில். கை மல்யுத்தத்தில் அச்சம் மெய்யானது. அனுபவமில்லாதவர் தோளை உள்ளே திருப்பி, உடம்பை முன்னே விட்டு, கையைப் பின்னால் தங்கவிட்டால், மேற்கை எலும்பு முறுக்குண்டு முறியும். இந்த விளையாட்டில் எல்லோரும் பயப்படும் காயம் அதுதான். முறியும் சத்தம் அறைக்கே கேட்கும். நடுவர்கள் இந்த நிலையைக் கண்டதும் எச்சரிப்பார்கள். பழகியவர்கள் கையையும் தோளையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, தன் கையைப் பார்த்தபடியே இழுக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். கலியாண வீட்டில், சாப்பாட்டு மேசையில், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு முழு மூச்சாக இழுக்கும் தம்பிமார் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்.

ஆனால் பார்வையாளரின் உடம்பை உலுக்கும் கணம் கை விழும் கணம் இல்லை. விழப்போன கை நிற்கும் கணம். மெத்தைக்கு ஓர் அங்குலம் மேலே, முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த இடத்தில், கை நின்றுவிடும். நடுவர் குனிந்து மெத்தையையே பார்ப்பார். அறையில் ஒருத்தரும் மூச்சு விடமாட்டார்கள். பார்க்கிறவரின் கை தானாகவே பொத்திக்கொள்ளும், பல் இறுகும். அங்கிருந்து அந்தக் கை மெல்ல நிமிரத் தொடங்கினால், கூட்டம் போடும் சத்தம் வேறு எந்த விளையாட்டிலும் நான் கேட்காத சத்தம். எல்லோருக்கும் வாழ்க்கையில் அந்த ஓர் அங்குலம் தெரியும். வாடகை கட்ட வழியில்லாத மாதம், திரும்பி வந்த விசா விண்ணப்பம், 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற இரவுகள். அப்போதெல்லாம் யாரும் நமக்காகக் கத்தவில்லை. இப்போது இன்னொருவருடைய கைக்காக நாம் கத்துகிறோம்.

கத்தினால் கோபம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. உளவியலாளர் பிரட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைக் கோபப்படுத்திய ஆளையே நினைத்துக்கொண்டு குத்துமூட்டையில் குத்தியவர்களின் கோபம் தணியவில்லை, கூடியது. வெறும் ஆவேசம் மருந்தாகாது. மேசையில் நடப்பது வேறு. அங்கே ஆவேசத்துக்கு ஒரு தொடக்கம், விதி, முடிவு எல்லாம் இருக்கின்றன. முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடிக்கிறார்கள். வென்றவர் தோற்றவரின் கையை உயர்த்துவதை அடிக்கடி பார்க்கலாம்.

இந்த இடத்தில் அரிஸ்டோட்டிலை விடத் தொல்காப்பியர் எனக்கு உதவுகிறார். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்பார்கள். அவர் சொல்லும் மெய்ப்பாடு எட்டில் ஒன்று பெருமிதம். அது கல்வி, தறுகண், புகழ், கொடை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறார் அவர். நுட்பம் கற்றவர் பெரிய ஆளை வெல்வது கல்வி. எலும்பு முறியலாம் என்று தெரிந்தும் மேசைக்கு வருவது தறுகண். மாதக்கணக்கில் பேசிப் பேசி வளர்த்தது புகழ். வென்ற கையால் தோற்றவரின் கையைத் தூக்குவது கொடை. இந்த நான்கும் ஐந்து நிமிடத்துக்குள் ஒரே இடத்தில் கூடுவதால்தான் கண் கலங்குகிறது என்று நினைக்கிறேன். அது சோகக் கண்ணீர் இல்லை, பெருமிதக் கண்ணீர்.

இதே விருந்து பெண்களின் ஆட்டங்களுக்குக் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். சுவீடனின் சாரா பெக்மன் இளம் வயதிலேயே பல உலகப் பட்டங்களை வென்றவர். 2013இல் அவர் WWE-யோடு ஒப்பந்தம் செய்து அந்தப் பக்கம் போய்விட்டார். கை மல்யுத்தத்தில் இருந்தபோது அவருக்கென்று யாராவது இவ்வளவு பொறுமையாகக் கதை சொல்லியிருந்தால், ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் அந்த மேசையைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இந்தியாவின் புரோ பஞ்சா லீக் இதில் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. 2023இல் புதுடில்லியில் நடந்த முதல் பருவத்தில் ஆறு அணிகள். ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் ஒரே அணிக்காக இழுத்தார்கள். கொச்சி அணி பட்டம் வென்றது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், நமக்கு இவ்வளவு கிட்டத்தில் இது நடக்கிறது.

நமக்கு இல்லாதது தமிழ்க் குரல். கொழும்பிலிருந்துதான் இலங்கை வானொலி கடல் தாண்டிப் பேசியது. கே. எஸ். ராஜாவின் வேகத்துக்கும் பி. எச். அப்துல் ஹமீட்டின் தெளிவுக்கும் தமிழ்நாட்டு வீடுகள்கூடக் காது கொடுத்தன. கண்ணால் பார்க்காததைக் குரலாலேயே கண்முன் நிறுத்துவது இந்த ஊரில் வளர்ந்த கலை. கை மல்யுத்தத்துக்குத் தேவையானதும் அதுதான். கண்ணுக்கு முன்னால் இருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஒரு போரை, 'மணிக்கட்டு திறக்குது, ஆனா முழங்கை இன்னும் உள்ளதான் இருக்கு, பொறுங்க' என்று ஒருவர் சொல்ல வேண்டும். இப்போது புறக்கோட்டையில் அதைச் செய்வது கூட்டத்தில் விஷயம் தெரிந்த யாராவது ஒருவர். ஆங்கில வர்ணனையின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் சொல்லிக்கொண்டே போவார். 'அண்ணே, அவன் முடிஞ்சான்' என்று ஒரு தம்பி சொன்னால், 'இல்லடா, கையைப் பார், மூஞ்சியைப் பாக்காத' என்பார்.

அந்த அறிவுரை எல்லோருக்கும் பொருந்தும். அடுத்த ஆட்டத்தைப் பார்க்கும்போது முகங்களை விட்டுவிட்டு மணிக்கட்டுகளைப் பாருங்கள். யாருடைய மணிக்கட்டு உள்ளே மடங்கியிருக்கிறது, யாருடைய பெருவிரல் மேலே தெரிகிறது, யார் மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். முதல் சுற்றில் தோற்றவர் இரண்டாவது சுற்றுக்கு எந்தப் பிடியோடு வருகிறார் என்பதை மறக்காமல் கவனியுங்கள். அவர் எதை மாற்றியிருக்கிறார் என்பது பிடிபட்டுவிட்டால், யார் பக்கம் நிற்பது என்பதை நீங்களே தீர்மானித்துவிடுவீர்கள்.